எண்ணி எண்ணுதல்

தமிழிலே 'எண்ணுதல்' என்னும் சொல் கணக்கிடுதலையும் சிந்தித்தலையும் ஒருங்கே குறிக்கும். நம் மாணாக்கரோ முன்னதைச் செய்து பின்னதை விட்டுவிடுகின்றனர். உயர்தர வகுப்பிலே வரிசைமாற்றம் பற்றிய வினா வந்ததும் சூத்திரத்தைத் தேடுகின்றனரேயன்றி, அவ்வினா எதனை விலக்குகின்றது என நோக்குவார் சிலரே.

நான்கு சில்லுகளையுடைய இலக்கப் பூட்டொன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சில்லிலும் 0 முதல் 9 வரை பத்து இலக்கங்கள் உள. தடை யாதுமின்றேல் 10,000 வரிசைகள் அமையும். வந்த இலக்கம் மீண்டும் வரலாகாதெனின் 10, 9, 8, 7 என்பவற்றின் பெருக்கமாகிய 5,040. அடுத்தடுத்து ஒரே இலக்கம் நிற்றல் மட்டும் ஆகாதெனின், முதற் சில்லுக்குப் பத்து வழி, ஏனைய ஒவ்வொன்றுக்கும் ஒன்பது வழி, ஆக 7,290. இம்மட்டும் எளிது.

இனி, எவ்விலக்கமும் இருமுறைக்கு மேல் வரலாகாதென விதித்துப் பாருங்கள். பெருக்கிக்கொண்டே செல்லும் வழி அடைபட்டுவிடும். மூன்றாஞ் சில்லுக்கு எத்தனை வழியென்பது முதலிரண்டும் ஒத்தனவா வேறானவா என்பதைப் பொறுத்ததன்றோ? விலக்கப்பட்டவற்றை எண்ணிக் கழித்தலே இங்கு நேர்வழி. நான்கும் ஒன்றாய் நிற்பன 10. மூன்று ஒத்து ஒன்று வேறுபடுவனவற்றில், மும்முறை வரும் இலக்கத்துக்குப் பத்து வழி, தனித்ததற்கு ஒன்பது, அது நிற்கும் இடத்துக்கு நான்கு, ஆக 360. இவ்விரண்டும் கழிய எஞ்சுவன 9,630. இதற்கெனத் தனிச் சூத்திரம் மனனஞ் செய்தார் எவருமிலர், செய்யவும் வேண்டியதில்லை.

இக்கலை நம் முன்னோர்க்குப் புதிதன்று. 1150ஆம் ஆண்டளவில் பாஸ்கராசாரியர் இயற்றிய லீலாவதியில் அங்கபாசம் என்றொரு பகுதி உண்டு. சங்கு, சக்கரம், கதை, தாமரை ஆகியவற்றைத் திருமால் நான்கு கைகளிலும் மாற்றி ஏந்தும் வகை 24 என்றும், சிவபெருமான் பத்துக் கைகளிற் பத்துப் பொருள்களை ஏந்தும் வகை 36,28,800 என்றும் அங்கே காண்கிறோம். அவர் அதனோடு நின்றாரல்லர். 2, 2, 1, 1 என்னும் இலக்கங்களால் எத்தனை எண்கள் ஆகுமெனவும் வினவுகின்றார். ஒத்த இலக்கங்கள் தம்முள் இடம் மாறினும் எண் மாறாது. ஆதலின் 24ஐ இரண்டாலும், மீண்டும் இரண்டாலும் வகுக்க விடை 6.

கணினி இருக்க இவ்வளவு தொல்லை ஏன் என்பாரும் உளர். சில்லுகள் இருபதாயின் வரிசைகள் ஒன்றின்பின் இருபது சுழியங்கள். செக்கனுக்கு நூறு கோடியாக ஒவ்வொன்றாய்ச் சோதிப்பினும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற் செல்லும். அடுத்தடுத்து ஒத்த இலக்கம் வாராதவை எத்தனையெனின், பத்தைப் பத்தொன்பது முறை ஒன்பதாற் பெருக்கினால் முடிந்தது. பொறிக்கு வழி சொல்லிக் கொடுப்பவனும் முன்னர்ச் சிந்தித்தவனே.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுமுன், பாஸ்கரரின் அந்த ஆறு எண்களையும் மாணாக்கர் தம் கையால் எழுதட்டும். அதற்கு ஐந்து நிமிடமும் செல்லாது.