உயரம் என்றால் பாதுகாப்பா?

எங்கள் ரேஸ்கோர்ஸ் நடைக் கூட்டத்தில் கடந்த இரண்டு வருஷத்தில் ஐந்து பேர் கார் மாற்றிவிட்டார்கள். ஐந்துமே எஸ்யூவி என்று பெயர் வைத்து விற்கிற உயரமான வண்டிகள். அவரவர் பென்ஷன், அவரவர் காசு, எனக்கென்ன? ஆனால் வாங்கியவர்கள் சும்மா இருப்பதில்லையே. "ஏனுங்க, இன்னும் அந்தக் குட்டி வண்டியவே வச்சுட்டிருக்கீங்க? வித்துப்போட்டு நம்மளாட்டம் ஒண்ணு எடுங்க. வயசான காலத்துல பாதுகாப்பு வேண்டாமுங்களா?"

இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன். பஞ்சாலையில் பராமரிப்புப் பிரிவில் 34 வருஷம் எண்ணெய்க் கையோடு நின்றவன். இயந்திரத்தைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் இன்றும் வாய் சும்மா இருக்காது.

என்னிடம் இருப்பது 2007 டிசம்பரில் வாங்கிய ஸ்விஃப்ட், 1.3 லிட்டர் பெட்ரோல், ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் உள்ள இசட்எக்ஸ்ஐ. 87 குதிரை சக்தி. எடை சுமார் ஒரு டன். இன்றைய கணக்கில் பெரிய சக்தி இல்லைதான். ஆனால் சின்ன உடம்பு, அதற்குத் தாராளமான எஞ்சின், சொன்ன இடத்தில் திரும்பும் ஸ்டியரிங் என்ற மூன்றும் சேர்ந்தால் வருகிற சுகமே வேறு. இந்த ஜாதி வண்டிக்குத்தான் 'ஹாட் ஹேட்ச்பேக்' என்று பெயர். வழி காட்டியவை பழைய மினி கூப்பரும் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயும். மான்டி கார்லோ ராலியில் 1964, 65, 67 என்று மூன்று முறை பெரிய வண்டிகளை ஜெயித்தது அந்த எலிக்குஞ்சு மினி. 1976-ல் விற்பனைக்கு வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐக்கு 110 குதிரை சக்தி, எடை 810 கிலோ அளவுதான். 5000 வண்டி விற்றால் போதும் என்று ஆரம்பித்தார்கள். அந்தத் தலைமுறையே நாலரை லட்சத்தைத் தாண்டி விற்றது. வாங்கியவர்கள் பந்தயக்காரர்கள் இல்லை. அதே வண்டியில் ஆபீஸ் போய், பிள்ளையைப் பள்ளியில் விட்டு, காய்கறி வாங்கி வந்த சாதாரண ஜனங்கள்.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். மோதினால் ஆளைக் காப்பாற்றுவதில் என் 2007 வண்டியை விட இன்றைய வண்டிகள் மேல். அதில் வாதமே இல்லை. ஆனால் அது புது வண்டி என்பதால் வந்த நன்மை, உயரத்தால் வந்தது அல்ல. டாடா ஆல்ட்ராஸ் தரையோடு ஒட்டிய ஹேட்ச்பேக்தான். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2020-லேயே 5 நட்சத்திரம் வாங்கியது. மறு வருஷம் அதே 5 நட்சத்திரம் வாங்கிய டாடா பஞ்ச் ஆல்ட்ராஸின் அடித்தளத்தின் மேல் கட்டியதுதான். கீழே இருக்கும் எலும்பு ஒன்று, மேலே சட்டை வேறு.

இன்னொரு உதாரணம். 2017-ல் மாருதி பலேனோ ஆர்எஸ் என்று ஒன்று விட்டார்கள். ஒரு லிட்டர் டர்போ எஞ்சின், 101 குதிரை சக்தி, 950 கிலோ எடை, பின்சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். அருமையான வண்டி. சீண்டுவாரில்லை, நிறுத்திவிட்டார்கள். 2023-ல் அதே பலேனோவைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, முகத்தை முரட்டுத்தனமாக்கி, அந்த ஒரு லிட்டர் டர்போவையும் போட்டு ஃபிராங்ஸ் என்று விட்டார்கள். ஜனம் வரிசையில் நின்றது! பலேனோவின் தரை இடைவெளி 170 மில்லிமீட்டர், ஃபிராங்ஸுக்கு 190. வித்தியாசம் 20 மில்லிமீட்டர். ஒரு விரல் தடிமனுக்கா இத்தனை பெருமை?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இறங்கும்போது தெரியும் உயரத்தின் லட்சணம். எடை மேலே ஏற ஏற, வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும். பின் சீட்டில் இருக்கும் அம்மணிக்கு வயிற்றைப் பிரட்டுவது மலையால் மட்டுமல்ல. குட்டி வண்டியில் இரண்டாவது கியரில் போட்டு இறக்கினால் எஞ்சினே பாதிப் பிரேக் பிடித்துக்கொடுக்கும்; அது பாட்டுக்கு ரோட்டைக் கவ்விக்கொண்டு வரும். முதல் பாதுகாப்பு மோதாமல் தப்பிப்பது. அதற்கு எடை குறைவும் தாழ்ந்த உடம்பும் துணை. முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் விதிவிலக்கு. குனிந்து ஏற முடியவில்லை என்றால் உயரமான சீட் நியாயமான காரணம். அந்தக் காரணத்தைச் சொல்லி வாங்குங்கள், நானே கூட ஷோரூமுக்கு வருகிறேன்.

குற்றம் ஜனங்கள் மேல் மட்டும் இல்லை. 2006 பட்ஜெட்டில் சின்ன கார் என்பதற்கு ஒரு இலக்கணம் எழுதினார்கள். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள், டீசல் 1500 சிசிக்குள் இருந்தால் கலால் வரி 24-லிருந்து 16 சதவீதம். என் ஸ்விஃப்ட் எஞ்சின் 1298 சிசி. 98 சிசி கூடிப்போன குற்றத்துக்காக 2010-ல் அதை எடுத்துவிட்டு 1197 சிசி எஞ்சின் வைத்தார்கள். ஃபியட் பாலியோவில் 100 குதிரை சக்தி 1.6 லிட்டர் எஞ்சின் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சச்சின் விளம்பரத்துக்கு வந்த வண்டி. அந்த மாதிரி எஞ்சினைச் சின்ன உடம்பில் வைக்க இனி யாருக்குத் துணிச்சல் வரும்? மழித்த தலைக்கு மறுபடியும் மொட்டை போட்ட கதையாக, ஜிஎஸ்டி வந்த பிறகும் அதே அளவுகோல்தான்.

அப்படியும் சிலர் முயன்றார்கள். 2013 போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1197 சிசிக்குள்ளேயே டர்போ வைத்து 105 குதிரை சக்தி எடுத்த சாமர்த்தியம். நெடுஞ்சாலையில் அதன் நிதானம் வேறு எதற்கும் வராது. 2015 அபார்த் புன்டோ, 145 குதிரை சக்தி, பத்து லட்சத்துக்குள். நண்பர் மகனுடையதை ஓட்டிப் பார்த்தேன், ஸ்டியரிங் தங்கம், கிளட்ச் மட்டும் காலுக்கு உடற்பயிற்சி. 2018-ல் டாடாவும் நம் கோயமுத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் கூட்டுச் சேர்ந்து டியாகோ ஜேடிபி கொடுத்தார்கள். சுமார் ஆறரை லட்சம், டர்போ எஞ்சின். கரிவர்தன் வாழ்ந்த ஊர், செட்டிபாளையத்தில் பந்தயத் தடம் உள்ள ஊர். நம் ஊர்க்காரன் கைவண்ணத்தில் வந்த வண்டியை நாமே ஆளுக்கொன்று எடுத்திருக்க வேண்டாமா? இரண்டு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 2025-ல் கோல்ஃப் ஜிடிஐயே இந்தியாவுக்கு வந்தது, வந்தபோது விலை 53 லட்சம். பள்ளிக்கூடத்துக்கும் காய்கறிக் கடைக்கும் போன வண்டிக்கு வந்த கதி!

"பழைய வண்டிக்குச் செலவு இழுக்குமுங்களே" என்பது அடுத்த அம்பு. ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் முன்பக்கம் 'டொக் டொக்' சத்தம் என்று விட்டேன். சஸ்பென்ஷன் மொத்தமும் மாற்ற வேண்டும் என்று 38,000 ரூபாய்க்குச் சீட்டு நீட்டினார்கள். வெளியே எடுத்து வந்து, எனக்குத் தெரிந்த மெக்கானிக் தம்பியிடம் காட்டினேன். லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும்தான். கூலியோடு 4,200. மற்றபடி லட்சம் கிலோமீட்டரில் டைமிங் பெல்ட், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் மலையிறக்கத்தில் சூட்டில் கொதித்து மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். 15 வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போனபோது, 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை அந்த ஏப்ரலில்தான் 5000 ஆக்கியிருந்தார்கள். முனகிக்கொண்டே கட்டினேன்.

குட்டி வண்டி வைத்திருக்கும் இளவட்டங்களுக்கும் ஒரு குட்டு உண்டு. சைலன்ஸரை அறுத்து ஊரை எழுப்பும் காசை டயருக்குப் போடுங்கள். ஓட்டத்தை 80-லிருந்து 100 ஆக்கினால் பிரேக் அடக்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்குக்கு மேல். எஞ்சினைக் கூட்டிவிட்டு வழுக்கை டயரில் ஓடுகிறவனுக்கு என் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது.

நடைக் கூட்டத்து நண்பர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் உயர வண்டியின் டயர் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் முடிவில் நாலு இலக்கம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். என் வண்டியில் இருப்பது 1424. உங்களுடையதைப் படித்துவிட்டு, காற்றழுத்தம் கடைசியாக என்றைக்குப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து நாளைக் காலை ஆறு மணிக்கு வந்து சொல்லுங்கள். அதற்கப்புறம் பாதுகாப்பைப் பற்றிப் பேசலாம்.