அடையாளம் தெரியாத விருந்தாளி



கிட்டார் பழகும் உங்களில் சிலருக்கு பிங்க் ஃபிளாய்ட் குழுவைத் தெரிந்திருக்கும். 1975இல் லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்கள் ‘விஷ் யூ வேர் ஹியர்’ இசைத்தொகுப்பைப் பதிவு செய்தார்கள்.

முந்தைய தொகுப்பு அமோகமாக விற்றிருந்தது. அடுத்து என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. வீட்டுச் சாமான்களை வைத்தே ஒரு தொகுப்பு செய்யப் பார்த்துக் கைவிட்டார்கள். அதில் மிஞ்சியது வைன் கிளாஸ் விளிம்பில் ஈரவிரலை ஓட்டி எடுத்த ஒலி. புதிய தொகுப்பின் தொடக்கத்தில் அது மெல்லக் கேட்கும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்!

ஒன்பது பகுதிகள் கொண்ட அந்த முதல் பாட்டு சிட் பாரெட்டைப் பற்றியது. குழுவின் ஆரம்பகாலப் பாடல்களில் பெரும்பாலானவை அவர் எழுதியவை. எல்எஸ்டி பழக்கத்தோடு மனமும் குலைய, 1968இல் குழுவை விட்டுப் போனவர்.

ஜூன் மாதம் ஒருநாள் கூடத்துக்குள் பருத்த மனிதர் ஒருவர் வந்து நின்றார். தலைமுடியும் புருவமும் மழித்திருந்தார். வெகுநேரம் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பாரெட்! ஒரே ஊரில் ஒன்றாக வளர்ந்த ரோஜர் வாட்டர்ஸ் அழுதுவிட்டார்.

வார்டில் நான் இதைப் பார்ப்பதுண்டு. நோயில் உருமாறிப்போனவரைப் பார்க்கவந்த நண்பர், பெயரைத் தேடிக்கொண்டே கட்டிலைத் தாண்டிப் போய்விடுவார். படுத்திருப்பவருக்கு அது புரியும். நாங்கள் ஓடிப்போய்த் திரும்ப அழைத்து வருவோம். முதல் இரண்டு நிமிடம் இருவருக்கும் பேச்சு வராது. பிறகு வரும்.

பாரெட் தன் ஊரான கேம்பிரிட்ஜுக்கே திரும்பி, படம் வரைந்தும் தோட்டம் வளர்த்தும் 2006 வரை வாழ்ந்தார்.