இரும்பு ஆபீஸில் இரண்டு ரேட்

பொங்கல் லீவுக்கு வந்திருந்த அக்கா பையனிடம், "இப்ப என்னடா பண்றே?" என்று கேட்டேன்.

"கேப் அளக்கிறேன் மாமா."

"பல்லுலயா?"

முறைத்தான். பையன் பி.எச்டி. மாணவன். இரும்பு கலந்த சூப்பர்கண்டக்டர்களில் இருக்கும் சக்தி இடைவெளியை நாலு வருஷமாக அளந்துகொண்டிருக்கிறான். அக்காவுக்கு வேறு இடைவெளிதான் கவலை: படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் இருப்பது.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1911-ல் ஹாலந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஆன்னஸ் குழுவினர் பாதரசத்தைச் சுமார் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர வைத்தபோது, அதன் மின்தடை சட்டென்று காணாமல் போனது. ஏன் என்று சொல்ல 46 வருஷம் ஆயிற்று. 1957-ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விளக்கினார்கள். அந்தக் குளிரில் எலெக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்துகொள்கின்றன. ஜோடி ஜோடியாக, எதிலும் இடிக்காமல், ஊர்வலம் போகின்றன. ஒரு ஜோடியைப் பிரிக்கக் குறைந்தபட்சம் இவ்வளவு சக்தி வேண்டும் என்று ஒரு கணக்கு. அதில் ஆளுக்குப் பாதி. அந்தப் பாதிதான் கேப்.

இதை அளப்பது எப்படி? எனக்குப் புரிந்த வழியில் சொல்கிறேன். ஓர் ஆபீஸில் உங்கள் ஃபைல் நகர வேண்டும். குமாஸ்தாவின் ரேட் தெரியாது. பத்து ரூபாய் நீட்டுகிறீர்கள். அவர் ஃபேனைப் பார்க்கிறார். ஐம்பது? காது கேட்கவில்லை. நூறு வைத்ததும் ஃபைலுக்குக் கால் முளைக்கிறது. ரேட் நூறு!

1960-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிக்கூடத்தில் ஐவர் யேவர் செய்தது ஏறக்குறைய இதுதான். அலுமினியம், ஈயம், நடுவில் மெல்லிசாக ஆக்ஸைடு என்று ஒரு சாண்ட்விச். வோல்டேஜைத் துளித்துளியாக ஏற்றினார். ஓர் அளவு வரை கரண்ட் அசையவே இல்லை என்று சொல்லலாம். தாண்டியதும் குபுகுபு. அந்த வோல்டேஜ்தான் ரேட். மெக்கானிகல் இன்ஜினீயரிங் படித்த ஆசாமி அவர். 1973-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இரும்புக்கு வருவோம். காந்தத்துக்கும் சூப்பர்கண்டக்டருக்கும் மாமியார் மருமகள் உறவு. அதனால் இரும்பு பக்கமே யாரும் அதிகம் போகவில்லை. 2008-ல் ஜப்பானில் ஹிடியோ ஹோசோனோ குழு, இரும்பும் ஆர்செனிக்கும் கலந்த ஒரு சரக்கு மைனஸ் 247 டிகிரியிலேயே தடையை உதறுகிறது என்று அறிவித்தது. சில மாதங்களில் சீன விஞ்ஞானிகள் அந்தக் குடும்பத்தை மைனஸ் 220-க்கும் மேலே கொண்டுவந்துவிட்டார்கள்.

எல்லோரும் கேப் அளக்கப் பாய்ந்தார்கள். சமேரியம் கலந்த வகையில் ஊசி முனையைத் தொடவைத்து அளந்தவர்கள் ஒரே கேப், சுமார் 6.7 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் என்றார்கள். பேரியம் கலந்த வகையில் ஒளியால் எலெக்ட்ரான்களை உதைத்து வெளியேற்றி அளந்தவர்கள், ஒரு கவுண்டரில் 12, இன்னொன்றில் 6 என்றார்கள். ஒரே ஆபீஸ், இரண்டு ரேட்! டார்ச் பேட்டரியின் ஒன்றரை வோல்ட்டை 125 கூறாக்கினால் ஒரு கூறு 12 மில்லி வோல்ட். அவ்வளவு பொடி விஷயம்.

ரேட் தெரிந்தாலும் கதை முடியவில்லை. ஒரு கவுண்டர்காரர் வலது கையால் வாங்குகிறார், இன்னொருவர் இடது கையால். அதாவது ப்ளஸ், மைனஸ். தொகையை மட்டும் பார்த்தால் கை தெரியாது. ஜோடி சேர்ப்பது எந்தக் கோந்து என்று கண்டுபிடிக்க அந்தக் கைதான் முக்கியமான துப்பு.

"கோந்து தெரிஞ்சு என்ன ஆகணும்?" என்றாள் அக்கா.

"போன வருஷம் பாட்டிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோமே, எவ்வளவு ஆச்சு? அந்தக் காந்தத்தைப் பெரும்பாலும் திரவ ஹீலியத்துலதான் குளிர வைக்கிறாங்க. கோந்து புரிஞ்சா அவ்வளவு குளிரே வேண்டாத சரக்கைத் தேடலாம். கிடைக்கும்னு சத்தியம் பண்ண முடியாது."

அக்கா யோசித்தாள். "சரி, நீ எப்ப முடிக்கிறே?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் மெல்லச் சொன்னான். அவனுக்கும் கிராஃபில் இரண்டு மேடு வந்திருக்கிறது. கைடுக்குப் பரம சந்தோஷம், கட்டுரைகூட எழுதியாகிவிட்டது. இவனுக்கு மனசு கேட்கவில்லை. ஊசியை எடுத்து வேறு இடத்தில் வைத்திருக்கிறான். முதல் மேடு அதே இடத்தில் நின்றது. இரண்டாவது நகர்ந்துவிட்டது. பதினேழு தடவை வைத்துப் பார்த்தான். பதினேழு தடவையும் நகர்ந்தது.

"நிஜ கேப், ஊசியை எங்கே வெச்சாலும் அப்படி ஓடாது மாமா. அது தொடுற இடத்துல வந்த கோளாறு."

"கைடு கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். கட்டுரையை நிறுத்தியாச்சு. இன்னும் ஒரு வருஷம் ஆகும்."

அக்கா திட்டப்போகிறாள் என்று நான் தயாரானேன். அவள் பேசாமல் உள்ளே போய், அவன் தட்டில் இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து போட்டாள். எனக்குப் போடவில்லை.