கீழாநெல்லி மேல் எனக்குக் கோபமில்லை

போன வாரம் ஒரே செய்தி எனக்கு நான்கு பேரிடமிருந்து வந்தது. எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். கோழிக்கு வெள்ளைக்கழிச்சலா, கவலை வேண்டாம், ஊசி வேண்டாம், மருந்து உங்கள் கொல்லையிலேயே இருக்கிறது என்று ஆரம்பித்து கீழாநெல்லி, சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு என்று ஒரு பட்டியல். மூன்றே நாளில் முழுக் குணமாம். அனுப்பிய நான்கு பேரும் நல்லவர்கள். அதில் ஒருவர் என்னோடு பல வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்து கோப்பு பார்த்தவர். ஒரு இணைப்பு குறைந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். இந்தச் செய்திக்கு மட்டும் அவர் எந்த இணைப்பும் கேட்கவில்லை.

இதைப் பற்றிக் கோபமாக எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே போன்ற செய்தியை நானும் பகிர்ந்தேன்.

அப்போது கொல்லையில் ஒன்பது கோழிகள் இருந்தன. சந்தையில் ஒரு விடைக்கோழி அழகாக இருக்கிறதே என்று வாங்கிவந்து, அன்றைக்கே மற்றவற்றோடு அவிழ்த்துவிட்டேன். ஐந்தாம் நாள் அது இறகை உப்பிக்கொண்டு மூலையில் நின்று தூங்கி விழுந்தது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர் போலப் போனது. மழை முடிந்த சமயம், கிணற்றடி முழுக்கக் கீழாநெல்லி. பறித்தேன், அரைத்தேன், உருட்டினேன், அலகைத் திறந்து ஊட்டினேன். மறுநாள் காலை கொஞ்சம் தெளிச்சலாக நிற்பது போல இருந்தது. "வேலை செய்கிறது பார்" என்று மனைவியிடம் சொன்னேன். அந்த சந்தோஷத்தில்தான் செய்தியைப் பத்துப் பேருக்குத் தள்ளிவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் ஒரு கிண்ணம் உருண்டை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் கோழி செத்துப்போனது. அதுவரை அது மற்றவற்றோடு ஒரே சட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டு வாரத்துக்குள் பத்தில் எட்டு போய்விட்டன. மிஞ்சிய இரண்டில் ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடியே வட்டம் சுற்றும். தீனியைக் கொத்தினால் தலை ஒரு பக்கம் போகும், அலகு ஒரு பக்கம் போகும்.

பக்கத்து வீட்டு அம்மாள் தனியாக இருப்பவர். பதினான்கு கோழிகள் வைத்திருந்தார். நாட்டுக்கோழி முட்டை விற்ற காசில்தான் அவருக்குச் சர்க்கரை மாத்திரை, கேஸ் சிலிண்டர் எல்லாம். என் கோழிகள் வேலி இடுக்கில் புகுந்து அவர் வீட்டுக் குப்பையைக் கிளறிவிட்டு வரும். "அண்ணே, நீங்க குடுத்த உருண்டையத்தான் ரெண்டு வேளையும் குடுத்தேன், ஒண்ணுகூடத் தங்கலையே" என்றார். குறையாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். உருண்டையை மட்டுமல்ல, நோயையும் நான்தான் அவர் வீட்டுக்கு அனுப்பினேன் என்பது அவருக்குத் தெரியாது. பிற்பாடு நானே போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காபி போடட்டுமா?" என்று கேட்டார்.

கால்நடை மருத்துவரிடம் போனபோது அந்த டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஐயா, முதல் கோழி சோர்ந்த அன்னைக்கே அதைத் தனியா அடைச்சீங்களா?"

அடைக்கவில்லை. ஏன் அடைக்கவில்லை? மருந்துதான் கொடுத்துவிட்டேனே! என் சண்டை இந்த இடத்தில்தான். கீழாநெல்லி என் கோழியைக் கொல்லவில்லை. கீழாநெல்லி இருக்கிறது என்ற தைரியம்தான் மற்ற கோழிகளைக் கொன்றது.

நான் புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. 'சுவாஞ்ஞே' என்றால் நோயாளியைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது. 'கெரீர்' என்றால் நோயைக் குணப்படுத்துவது. முதலாவது எல்லோராலும் முடியும், இரண்டாவது எல்லா நோய்க்கும் முடியாது. தமிழிலும் பண்டுவம் பார்ப்பது என்று ஒரு அருமையான சொல் இருக்கிறது. சோர்ந்த கோழிக்கு மூலிகை கொடுப்பது பண்டுவம். அதைக் குணம் என்று எழுதிப் பகிர்வது பொய்.

வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது. இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்திலும் ஜாவாவிலும் 1926இல் அடையாளம் கண்டார்கள். அதன் பிறகு குமாவுன் மலையில் உள்ள ராணிக்கேத்தில் பார்த்ததால் நம் நாட்டில் ராணிக்கேத் நோய் என்று பெயர். உடம்பில் புகுந்த பிறகு அதை அழிக்கும் மருந்து இன்றைக்கும் இல்லை. இங்கிலீஷ் மருந்திலும் இல்லை, நாட்டு மருந்திலும் இல்லை. வருவதற்கு முன்னால் தடுக்கத்தான் வழி இருக்கிறது. அந்த வழியையும் ராணிக்கேத்துக்குப் பக்கத்து மலையான முக்தேஸ்வரில், கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில்தான் உருவாக்கினார்கள். எட்டு வார வயதில் இறக்கைக்கு அடியில் தோலுக்குள் போடுகிறார்களே, ஆர்.டூ.பி என்ற ஊசி, அது அங்கே பிறந்ததுதான்.

அப்படியென்றால் மூலிகை கொடுத்துப் பிழைத்த கோழிகள்? உண்டு. கொடுக்காமல் பிழைத்த கோழிகளும் உண்டு. பிழைத்த கோழியைத் தூக்கிக்கொண்டு வந்து சாட்சி சொல்கிறோம். செத்ததைப் புதைத்துவிடுகிறோம், அது சாட்சி சொல்ல வருவதில்லை. அம்மை விஷயத்தில் இது இன்னும் வேடிக்கை. கோழி அம்மை பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் தானாகவே கொப்பளம் காய்ந்து உதிர்ந்துவிடும். நாம் வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவுகிறோம். ஈ மொய்க்காது, புண் சீழ் பிடிக்காது, நல்ல காரியம். ஆனால் அம்மையை விரட்டியது மஞ்சள் என்று பெயர் வாங்கிக்கொடுத்துவிடுகிறோம்.

கீழாநெல்லியைப் பற்றி அக்கறையாக ஆராய்ந்தவர்களும் உண்டு. மனிதர்களுக்கு வரும் மஞ்சள்காமாலை பி வைரஸுக்கு அதைக் கொடுத்துச் சென்னை ஆராய்ச்சியாளர்கள் 1988இல் லான்செட் இதழில் கட்டுரை எழுதினார்கள். ஒரு பக்கத்தாருக்கு மூலிகை, மறு பக்கத்தாருக்கு வெற்று மாத்திரை, பிறகு எண்ணிப் பார்ப்பது. நல்ல பலன் என்று வந்தது, உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. மூலிகைக்கு மரியாதை செய்வது என்றால் இப்படித்தான். சோதித்துப் பார்ப்பது, இல்லை என்று வந்தால் இல்லை என்று சொல்வது.

"பாட்டி காலத்தில் ஊசியா போட்டார்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். போடவில்லை. என் பாட்டி வீட்டில் ஒரு சீக்கு வந்தால் கொல்லையே காலியாகும். பாட்டி வேறு வீட்டில் முட்டை கடன் வாங்கி மறுபடி அடை வைப்பாள். அது வைத்தியம் இல்லை, பொறுமை.

இன்னொருவர், கால்நடைப் பல்கலைக்கழகத்துக்காரர்களே இந்த மூலிகைக் கலவையைச் சொல்கிறார்களே என்று மடக்கினார். சொல்கிறார்கள். அதே பல்கலைக்கழகம்தான் தடுப்பூசி போடு என்றும் சொல்கிறது. ஊசி போட வசதியில்லாதவர்களுக்காகத் தீனியைப் போலக் கோழி கொத்தித் தின்னும் குருணைத் தடுப்பு மருந்தையும் உருவாக்கியது அதுதான். செய்தியைப் பகிர்கிறவர்கள் முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள்.

ஊட்டுவதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது, இதைத் தயவுசெய்து கவனியுங்கள். கோழியின் மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கும். சோர்ந்த கோழியின் அலகைப் பிளந்து கஷாயத்தை ஊற்றினால் பாதி நுரையீரலுக்குப் போகும். என் எட்டில் ஒன்று நான் ஊற்றியதால்தான் செத்தது என்று இன்றைக்கும் சந்தேகப்படுகிறேன். கொடுப்பதென்றால் சின்ன உருண்டையாக, அல்லது தவிட்டில் பிசைந்து அதுவாகத் தின்னும்படி வையுங்கள்.

அதற்காக எதிர்ப்பக்கத்துக்கும் நான் கொடி பிடிக்கவில்லை. மூலிகைக்காரர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. மருந்துக்கடையில் போய்க் கோழி தூங்குகிறது என்றால், பார்க்காமலே ஆன்டிபயாடிக் பவுடர் பொட்டலம் எடுத்து நீட்டுகிறார்கள். வைரஸுக்கு அது கீழாநெல்லியைவிட உபயோகமற்றது, முட்டையில் வேறு மருந்து தங்கும். கொலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைக்கும் கோழிக்கும் கொடுக்கக்கூடாது என்று 2019இல் மத்திய அரசு தடை போட்டது சும்மா இல்லை. அந்தப் பொட்டலத்துக்கு என் பூண்டு எவ்வளவோ மேல்.

என் கொல்லையில் இன்றைக்கும் முருங்கைக்கீரை நறுக்கிப் போடுகிறேன். பேனுக்கு அடுப்புச் சாம்பல் குழி வைத்திருக்கிறேன், கோழிகள் அதில் புரண்டு குளிக்கும். வெயிலில் வாடினால் வெல்லமும் துளி உப்பும் கரைத்த தண்ணீர். எல்லாம் செய்கிறேன். ஆனால் முதலில் பஞ்சாரம். சோர்ந்த கோழியைத் தனியாகக் கவிழ்த்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, அதன் பிறகுதான் அம்மி.

கடைசியாக, என் கோபத்தின் பெரிய பங்கு யாருக்கு என்றும் சொல்லிவிடுகிறேன். ஆறு கோழி வைத்திருக்கும் ஒருத்தி தடுப்பூசி போட வேண்டும் என்று நினைத்தால் என்ன நடக்கிறது? எங்கள் பக்கத்துக் கடைகளில் 100 கோழிக்குக் குறைந்த குப்பி கிடைப்பதில்லை. ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும், கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆறு கோழிக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொட்ட வேண்டும். அவள் கீழாநெல்லியைத் தேடிப் போகாமல் என்ன செய்வாள்? பண்ணைக்காரனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைக் கொல்லைக்கோழிக்காரியிடம் நீட்டிவிட்டு, அவளை மூடநம்பிக்கைக்காரி என்று சொல்வது அநியாயம். குருணை மருந்தை ஒவ்வொரு ரேஷன் கடையிலும் வைத்தால்தான் என்ன என்று நான் கேட்பேன். இருபது கோழிக்கு ஒரு குப்பி அடைக்க முடியாத அளவுக்கு அது என்ன வித்தை?

அதுவரை தெருவே சேர்ந்துதான் வாங்க வேண்டியிருக்கிறது. நாங்கள் எட்டு வீடு சேர்ந்துவிட்டோம். பிறந்து ஏழாம் நாள் கண்ணில் விடும் சொட்டு மருந்துக்குத் தனிக் கணக்கு, எட்டு வாரக் கோழிகளுக்கான ஊசிக்குத் தனிக் கணக்கு. நோட்டுப் போட்டு எழுதுகிறேன், எழுதிப் பழகிய கைதானே. போன தடவை 63 கோழிகள். பிடிப்பதுதான் பெரிய பாடு. ராத்திரி அடைந்த பிறகே வாசலைச் சாத்திவிட்டு, விடிவதற்குள் முடித்துவிட்டோம். பக்கத்து வீட்டு அம்மாள்தான் இப்போது கோழி பிடிப்பதில் முதல் ஆள். இறக்கையைத் தூக்கிக் காட்டும்போது, "அண்ணே, இதுக்கு முன்னாடி பூச்சி மருந்து குடுத்தாச்சு, எழுதிக்கோங்க" என்பார். ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்பூச்சிக்குக் கொடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதை எனக்கு முன்னால் மனப்பாடம் செய்துவிட்டார்.

அடுத்தது மாசி முதல் ஞாயிறு. தெருவில் இன்னும் இரண்டு வீடு பாக்கி இருக்கிறது. அதில் ஒன்று, எனக்கு அந்தச் செய்தியை அனுப்பிய நண்பர் வீடு. அவரிடம் ஏழு கோழிகள். நாளைக்குப் போய்க் கேட்கப் போகிறேன்.