பழைய ஆட்டத்துக்குப் புதுப் பெட்டி

தீபாவளிக்கு ஒரு மிக்ஸி வாங்குவதென்றால் நாம் எத்தனை பேரைக் கேட்கிறோம்! அண்ணியைக் கேட்கிறோம், மாடி வீட்டு மாமியைக் கேட்கிறோம், கடைக்காரர் சொல்வதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கடைசியில் நம் இஷ்டப்படி ஒன்றை வாங்கி வருகிறோம். ஆனால் வீடியோ கேம் பெட்டி என்று வந்துவிட்டால் மட்டும், "அது குழந்தைகள் சமாசாரம்" என்று ஒதுங்கி நின்றுவிடுகிறோம். பையன் கைகாட்டியதை வாங்கிக் கொடுத்துவிட்டு, பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம்.

இந்த வாரம் அந்த வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றலாம், சகோதரிகளே. ஏனென்றால் இப்போது என்னிடம் இதைப் பற்றி விசாரிக்கிறவர்கள் குழந்தைகள் அல்ல. அவர்களைப் பெற்ற தாய்மார்கள்! "சின்ன வயதில் கோடை விடுமுறை முழுவதும் ஆடினோமே, அந்த மேரியோவும் காண்ட்ராவும் இப்போது கிடைக்குமா? எந்தப் பெட்டி வாங்கினால் ஆடலாம்?" என்று கேட்கிறார்கள். ஒரு வாசகி இன்னும் ஒரு படி மேலே போய், "அந்த நாளில் அண்ணா முதல் கண்ட்ரோலரை என் கையில் கொடுத்ததே இல்லை. பொங்கலுக்கு ஊரிலிருந்து வருகிறார். அதற்குள் வாங்கியாக வேண்டும்" என்கிறார். முப்பது வருஷத்து வழக்கு! தீர்ப்பைத் தள்ளிப் போடுவது நியாயமில்லை.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1983 ஜூலையில் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற பெட்டியை வெளியிட்டது. செல்லமாக ஃபேமிகாம் என்பார்கள். அதை வடிவமைத்தவர் மசாயுகி உயெமுரா என்ற எஞ்சினியர். அதுவே 1985-ல் வேறு சட்டை போட்டுக்கொண்டு, என்.இ.எஸ். என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போயிற்று. உலகம் பூராவும் ஆறு கோடிக்கு மேல் விற்ற பெட்டி அது. 1990-களில் நம் ஊர்க் கடைகளில் 'டி.வி. கேம்' என்று சொல்லி விற்றவை பெரும்பாலும் அதன் நகல்கள்தான். '9999 இன் 1' என்று மேலே அச்சடித்த கேசட் ஞாபகமிருக்கிறதா? எண்ணிப் பார்த்தால் உள்ளே இருந்தது சில ஆட்டங்கள்தான். மீதியெல்லாம் அதே ஆட்டம், வேறு பெயரில், வேறு கட்டத்தில் ஆரம்பிக்கும். அப்படியும் நாம் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த நாலைந்து ஆட்டங்களிலேயே ஒரு முழு பால்யத்தைக் கழித்துவிட்டோம்.

"பரணில் அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறதே, எடுத்து மாட்டினால் போதாதா?" என்று கேட்பீர்கள். மாட்டிப் பார்க்கலாம். ஆனால் தடை இருப்பது பெட்டியில் அல்ல, டி.வி.யில். பிக்சர் டியூப் வைத்த பழைய டி.வி., வந்த படத்தை வந்த கணமே திரையில் காட்டிவிடும். இன்றைய தட்டை டி.வி.யோ வந்த படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றி, பிறகுதான் காட்டும். அந்தத் தாமதம் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவுதான். சீரியல் பார்க்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. பள்ளத்தைத் தாண்ட வேண்டிய மேரியோவுக்கு மட்டும் நன்றாகத் தெரியும்!

வாத்து சுடும் ஆட்டம், 'டக் ஹன்ட்', இன்னும் பரிதாபம். அந்தத் துப்பாக்கி ஒன்றையும் சுடவில்லை; அதன் முனையில் ஒரு கண் இருந்தது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். அந்த வெளிச்சம் கண்ணில் பட்டால் வாத்து விழுந்தது என்று கணக்கு. பிக்சர் டியூப் படம் வரைகிற வேகத்தை நம்பிச் செய்த ஏற்பாடு அது. புது டி.வி.யில் வெளிச்சம் தாமதமாக வருவதால், எத்தனை குறி பார்த்துச் சுட்டாலும் வாத்து பறந்துகொண்டேதான் இருக்கும். துப்பாக்கி ரிப்பேர் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சரி, புதுப் பெட்டிகளுக்கு வருவோம். கடைக்குப் போகுமுன் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு, நீங்கள் ஆட ஆசைப்படும் ஆட்டங்களின் பெயரை எழுதுங்கள். நகைச்சீட்டை விட முக்கியமான காகிதம் இது. பெட்டியைப் பார்த்து ஆட்டத்தைத் தேடுகிறவர்களுக்குத்தான் பணம் வீணாகிறது. ஆட்டத்தை முடிவு செய்துகொண்டால் பெட்டி தானாக அமைந்துவிடும்.

முதல் வகை, சின்னப் பெட்டி. பழைய பெட்டியின் உருவத்தையே உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, ஆட்டங்களையும் உள்ளேயே அடைத்து வைத்திருப்பார்கள். கேசட் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். நின்டெண்டோவே 2016-ல் 30 ஆட்டங்களோடு என்.இ.எஸ். பெட்டியையும், 2017-ல் 21 ஆட்டங்களோடு சூப்பர் என்.இ.எஸ். பெட்டியையும் இப்படி வெளியிட்டது. சோனி 2018-லும், சேகா 2019-லும் தங்கள் பழைய பெட்டிகளைச் சுருக்கின. இதில் கவனிக்க வேண்டியது மூன்று. 2016-ன் பெட்டியோடு வந்த கண்ட்ரோலர் ஒன்றே ஒன்று. அதன் ஒயர் இரண்டரை அடிதான். டி.வி.க்கு மூக்கருகில் உட்கார வேண்டும்! 2017-ன் பெட்டியில் கண்ட்ரோலர் இரண்டு, ஒயரும் நீளம். அடுத்தது, நின்டெண்டோ இந்த இரண்டையும் தயாரிப்பதை நிறுத்திவிட்டதால், இன்று கிடைப்பது பெரும்பாலும் கை மாறி வருவதுதான்; அசலைப் போலவே போலிகளும் உலவுகின்றன. மூன்றாவது, உள்ளே இருப்பதோடு சரி. உங்கள் காகிதத்தில் உள்ள ஆட்டம் அதில் இல்லையென்றால் இல்லைதான்.

இரண்டாவது வகை, பையன் ஏற்கெனவே வைத்திருக்கும் பெரிய பெட்டி. ஆமாம், புதிதாக ஒன்றும் வாங்காமலே காரியம் முடிந்துவிடலாம். நின்டெண்டோ ஸ்விட்ச் இருக்கிற வீட்டில் சந்தா கட்டினால் மேரியோ உட்பட பழைய ஆட்டங்கள் நிறையக் கிடைக்கும். காண்ட்ரா வேண்டுமென்றால், அதை உருவாக்கிய கொனாமி 2019-ல் வெளியிட்ட 'காண்ட்ரா ஆனிவர்சரி கலெக்ஷன்' என்ற தொகுப்பைத் தனியாக வாங்கலாம். 'டாங்க்' என்று நாம் ஆடிய ஆட்டத்தின் நிஜப் பெயர் 'பேட்டில் சிட்டி'. அது 2020-ல் வந்த 'நாம்கோ மியூசியம் ஆர்க்கைவ்ஸ்' இரண்டாம் தொகுப்பில் இருக்கிறது. இந்தத் தொகுப்புகள் சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஓடும். ஆபீஸ் லாப்டாப்பும் ஒரு கண்ட்ரோலரும் போதும்!

வட்டுகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளேஸ்டேஷன் 5, தனக்கு முந்திய 4-ன் வட்டுகளை அநேகமாக எல்லாம் ஏற்கும். 1, 2, 3-ன் வட்டுகளை ஏற்காது. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், பழைய எக்ஸ்பாக்ஸ் வட்டுகளில் பலவற்றை ஏற்கும். அதன் தம்பியான சீரீஸ் எஸ்ஸுக்கு வட்டு போடும் வாயே கிடையாது. விலை குறைவு என்று தம்பியை அழைத்து வந்துவிட்டு, வட்டை எங்கே போடுவது என்று திண்டாடக் கூடாது.

மூன்றாவது வகை, பழைய கேசட்டையே ஏற்கும் புதுப் பெட்டி. 2023-ல் வந்த அடாரி 2600+ அப்படிப்பட்டது. அந்தக் காலத்து அடாரி கேசட்டைச் செருகி இந்தக் காலத்து டி.வி.யில் ஆடலாம். அனலாக் என்ற கம்பெனியின் 'பாக்கெட்' கேம்பாய் கேசட்டுகளை ஏற்கும். பழைய சில்லு செய்த வேலையைச் சுற்றமைப்பாகவே திரும்ப அமைத்திருப்பதால், ஆட்டத்தின் நடை மாறாது. ஆனால் நம் ஊர்க் கேசட்டை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது ஜப்பானிய ஜாதி. அடியில் 60 பல். அமெரிக்க என்.இ.எஸ். கேசட்டுக்கு 72 பல். இடையில் ஒரு இணைப்பான் இல்லாமல் ஒன்றின் வாயில் மற்றது போகாது. இன்னொன்று: கேசட்டை ஊதாதீர்கள்! நாம் எல்லோரும் ஊதித்தான் ஓட்டினோம். ஆனால் மூச்சின் ஈரம் பற்களை அரிக்கும் என்று நின்டெண்டோவே எச்சரித்திருக்கிறது. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடையுங்கள்.

நாலாவதாக ஒன்று உண்டு. கைக்கடக்கமான பெட்டி, குறைந்த விலை, 'பத்தாயிரம் ஆட்டம்' என்ற விளம்பரம். நம்முடைய 9999 இன் 1-ன் பேரப் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நிஜமாகவே ஓடும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சொந்தக்காரரின் அனுமதியில்லாமல் அடைத்தவை. பெட்டி பழுதானால் கேட்பாரும் இல்லை. வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சந்தாவில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். சந்தா நின்றால் ஆட்டமும் நின்றுவிடும். காசு கொடுத்துத் தனித்தனியாக வாங்கினாலும் கடையே மூடிவிடுவதுண்டு. நின்டெண்டோவின் 'வீ' கடை 2019 ஜனவரியில் மூடிற்று. 'வீ யூ' கடையும் '3டிஎஸ்' கடையும் 2023 மார்ச்சில் புதிய விற்பனையை நிறுத்தின. நம் வாத்து ஆட்டம் அந்த 'வீ யூ' கடையில்தான் 2014 முதல் கிடைத்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான ஆட்டங்களில் நூற்றுக்கு 87 விற்பனையில் இல்லை என்று, வீடியோ கேம் சரித்திரத்தைப் பாதுகாக்கும் அமைப்பொன்று 2023-ல் ஆராய்ந்து சொன்னது. பழைய சினிமாப் படச்சுருள்கள் அழிந்த கதையைக் கேட்டிருப்பீர்கள். இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆகவே மனசுக்கு மிகவும் பிடித்த ஒன்றிரண்டை வட்டாகவோ கேசட்டாகவோ கையில் வைத்துக்கொள்வது உத்தமம். மற்றவற்றுக்குச் சந்தா போதும்.

வாங்கி வந்த பிறகு இரண்டு சின்ன வேலை. டி.வி.யின் அமைப்பில் 'கேம் மோட்' என்று இருப்பதைப் போடுங்கள். மேலே சொன்ன தாமதம் பெருமளவு குறையும். படத்தின் அகலத்தை 4:3 என்று வையுங்கள். இல்லாவிட்டால் படம் பக்கவாட்டில் இழுபட்டு, மேரியோ கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர் போலத் தொப்பையும் தொந்தியுமாக ஓடுவார். இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை தெரிந்தால் அதுதான் சரி.

புதுப் பெட்டிகளில் நமக்கென்றே செய்தது போல ஒரு சௌகரியம்: விட்ட இடத்திலேயே ஆட்டத்தை நிறுத்தி வைக்கலாம். அடுப்பில் பால் பொங்குகிறதா? நிறுத்துங்கள்; போய் அணைத்துவிட்டு வந்து தொடருங்கள். அந்த நாளில், சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவிடம் "இதோ, இன்னும் ஒரு உயிர்தான்" என்று கெஞ்சினோமே, அந்தக் கஷ்டமெல்லாம் நம் குழந்தைகளுக்கு இல்லை. காண்ட்ராவில் 30 உயிர் வாங்கும் ரகசியமும் இருக்கிறது: மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. கஸுஹிசா ஹாஷிமோட்டோ என்பவர், தாம் சோதித்துக்கொண்டிருந்த 'கிரேடியஸ்' ஆட்டம் தமக்கே கஷ்டமாக இருந்ததால் 1986-ல் புகுத்திய குறுக்கு வழி அது!

பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என் காகிதத்தில் உள்ள ஆட்டம் இதில் இருக்கிறதா? இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா? கண்ட்ரோலர் எத்தனை? மூன்றாவது கேள்வியை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒன்றுதான் என்றால், இன்னொன்றுக்கும் சேர்த்தே பணம் கட்டிவிடுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு தங்கை இருப்பாள் அல்லவா?