தந்தையும் மகனும் கூடி வண்டி சமைத்தல்

தந்தையும் பருவம் எய்திய மகனும் ஒருங்கிருந்து செய்யுந் தொழில்கள் நாளும் அருகி வருகின்றன. அங்ஙனம் அருகாது அமெரிக்க நாட்டில் இன்றும் நிலவுவதொன்று, பழைய மோட்டார் வண்டியைப் பிரித்துப் புதுக்கி விரைவு மிக்கதாக ஆக்குந் தொழிலாம். அவ்வாறு சமைத்த வண்டியை அந்நாட்டார் 'ஹாட் ராட்' என்பர். இதனை வீண் செலவென்றும் உயிர்க்கு ஊறு என்றும் இகழ்வாரும் உளர். யாம் அவ்வாறு கருதுகின்றிலேம். முறையறிந்து செய்யின் இஃது ஒரு சிறந்த கல்வியே என்பது எமது துணிபு.

இத்தொழில் செல்வர் மாளிகையிற் பிறந்ததன்று. 1908 முதல் 1927 வரை போர்டு கம்பெனியார் 'மாடல் டி' என்னும் வண்டியை 1½ கோடிக்கு மேற் செய்து விற்றனர். ஆகவே பழைய வண்டிகள் மலிந்தன. 1932-இல் அவர்களே எட்டு உருளைகளும் 65 குதிரைத் திறனும் உடைய 'வி-8' எஞ்சினை விலை குறைந்த வண்டியிற் பொருத்தி வெளியிட்டனர். தென் கலிபோர்னியா இளைஞர் இத்தகைய வண்டிகளைப் பழையனவாக வாங்கி, மட்கார்டு முதலிய வேண்டாச் சுமைகளைக் கழற்றி, கார்பரேட்டர் ஒன்றிருந்த இடத்தில் இரண்டமைத்து, வறண்ட ஏரிப் பரப்புகளில் ஓட்டி விரைவை அளந்தனர். 1937-இல் அவர்தம் குழுக்கள் கூடிச் சங்கம் ஒன்று நிறுவி ஒழுங்கு வகுத்தன.

'விரைவை விரும்பும் இளைஞனுக்கு விரைவூர்தி செய்யவுங் கற்பிப்பதோ?' என வினவுவர் ஒருசாரார். வினா தக்கதே. தெருக்களிற் பந்தயம் ஓட்டி மாய்ந்தாரும் உண்டு. அவ்வோட்டத்தைத் தெருவினின்று விலக்கித் தனிக் களத்திற்குக் கொண்டு செல்லும் நோக்குடன் 1951-இல் மற்றொரு சங்கமும் எழுந்தது. ஆயினும் விலக்கிய அளவில் வேட்கை நீங்குமோ? 1932-ஆம் ஆண்டு வண்டியின் பிரேக்குகள் இரும்புக் கோல்களால் இழுக்கப்படுவன. திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக்குகளை அக்கம்பெனியார் 1939-இலேதான் அமைத்தனர். அறிவுடைய தொழிலாளர் இப்பிற்காலப் பிரேக்குகளை எடுத்து முற்கால வண்டியிற் பூட்டினர். நிறுத்துந் திறன் பெறாது ஓடுந் திறன் பெருக்குதல் அழிவைத் தேடுதலன்றோ? இதனை நூறுமுறை வாயாற் சொல்லினும் மகன் செவிக்கொள்ளான்; தன் கையாற் பிரேக்குப் பூட்டியவனோ மறவான்.

இனி, தந்தையர்க்கு ஒன்று கூறுவோம். தாமே முழுதுஞ் செய்து மகனை விளக்கேந்தி நிற்கவைப்பின் பயன் யாதுமில்லை. பழைய வடிவிற் புதிதாகச் செய்த உடற்கூடுகள் இந்நாளில் விலைக்குக் கிடைக்கின்றன. அனைத்தையும் பணத்தால் முடிப்பின் வண்டி கிடைக்கும், கல்வி கிடையாது. மகன் எஞ்சினில் ஒன்றைப் பிழைபடப் பூட்டினானாயின், உடனே பறித்துத் திருத்தாது, அவனே கண்டு கழற்றும் வரை பொறுத்தல் வேண்டும். ஆனால் பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் அப்பொறுமை ஆகாது. அவற்றைத் தந்தை தாமே சோதித்தறிதல் கடன். தமக்குத் தெரியாத இடத்தில் 'தெரியாது. இருவருங் கற்போம்' என்று கூறத் தயங்குதலும் வேண்டா. அச்சொல்லால் தந்தையின் மதிப்புக் குறையாது. மகனின் அச்சமே குறையும். ஈண்டு மகன் என்றது மகளுக்கும் ஒக்கும்.

பதினாறு வயதினன் தந்தையோடு எதிரமர்ந்து பேச நாணுவான். ஒரே எஞ்சினை இருவருங் குனிந்து நோக்குங்கால் அந்நாணம் அகலும். அறிவுரைக்கு அடங்காதவனும் அளவுகோலுக்கு அடங்குவான். ஏனெனில் இரும்பு எவர்க்கும் முகமன் கூறுவதில்லை. ஆதலின் மகனின் வேகத்தை அஞ்சுந் தந்தையர் சாவியை ஒளித்து வைப்பதினும், ஸ்பானரை அவன் கையிற் கொடுத்து உடனிருப்பதே தக்கதென்பது எமது கருத்து. சாவியைத் தருங்காலம் தானே வரும். அன்று அதனைப் பெறுவோன் வண்டியின் ஒவ்வோர் ஆணியையும் அறிந்தவனாயிருப்பான்.