சுடுகிறது என்னும் சொல்

வெம்பக்கோட்டை என்றதும் இலக்கிய வாசகர் பலருக்கு இன்று நினைவில் எழுவது, 2022ஆம் ஆண்டு முதல் விஜயகரிசல்குளம் மேட்டில் நடைபெற்ற அகழாய்வும் அங்குக் கிடைத்த சங்கு வளையல்களும் மணிகளுமே. அவ்வட்டாரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னர், 2012 செப்டம்பர் 5ஆம் நாள், சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தோரை நாளிதழ்கள் எண்ணிச் சொல்லிவிடுகின்றன. தீப்புண் ஆறி வீடு திரும்பியவரின் வலியை எவர் எண்ணுவது? எதைக் கொண்டு எண்ணுவது?

மருத்துவத்தில் இதற்கென ஒரு கருவி இருக்கிறது. சிறிய உலோகத் தகடு ஒன்றைத் தோலில் பொருத்துகிறார்கள். பொதுவாக 32 பாகையில் தொடங்கி, நொடிக்கு 1 பாகை வீதம் அதன் வெப்பம் ஏறுகிறது. வெதுவெதுப்பு தெரிந்ததும் ஒருமுறையும், அது வலியாக மாறியதும் மறுமுறையும் சோதிக்கப்படுபவர் பொத்தானை அழுத்த வேண்டும். 50 பாகையைத் தொட்டால், தோல் வெந்துவிடாமலிருக்கக் கருவி தானே நின்றுவிடும். குளிர்ச்சிக்கும் இவ்வாறே சோதனை உண்டு. அளவுசார் உணர்வுச் சோதனை என்பது இதன் பொதுப்பெயர். ஜெர்மானிய ஆய்வாளர் குழுவொன்று 2006ஆம் ஆண்டு இதற்குச் சீரான நெறிமுறை வகுத்தளித்தது. நுண்ணிய நரம்பிழைகள் பழுதுபட்டிருக்கின்றனவா என்றறிய இது உண்மையிலேயே பயன்படும். தமிழகத்துக்கு இக்கருத்து புதிதும் அன்று. தொழுநோய்த் தேமலின்மீது வெந்நீர்க் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் மாற்றி மாற்றி வைத்து உணர்வைச் சோதிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளதே.

ஆகவே கருவியை நாம் பழிக்கவில்லை. அது எதை அளக்கிறது என்பதே நம் கேள்வி.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'வலிக்கத் தொடங்கியதும் அழுத்துங்கள்' என்பது மருத்துவரின் கட்டளை. தமிழில் சூடு வலிப்பதில்லை. சூடு சுடும், எரியும், காந்தும். காப்பி சுடுகிறது என்போம், கொள்ளி சுட்டுவிட்டது என்போம். வெப்பத்தை உணர்வதையும் வெப்பத்தால் நோவதையும் 'சுடுதல்' என்னும் ஒரே வினை சுமக்கிறது. தகடு சுடத் தொடங்கியதுமே ஒருவர் அழுத்தலாம். 'இது வலியன்று, சூடுதான்' என்றெண்ணி மற்றொருவர் காத்திருக்கலாம். இருவர் நரம்பும் ஒன்றாகவே இருந்தும் எண்கள் வேறாகும். கட்டளையை எந்தச் சொல்லால் பெயர்த்தோம் என்பதும் அளவீட்டின் பகுதியாகிவிடுகிறது.

சொல்லைக் கடந்தாலும் சிக்கல் தீராது. வெப்பம் ஏறிக்கொண்டேயிருக்க, உணர்ந்த கணத்துக்கும் விரல் அழுத்தும் கணத்துக்கும் இடையே இழக்கும் காலமும் எண்ணில் சேர்ந்துவிடும். களைப்பு, அச்சம், கவனக்குறைவு, எதிரில் நிற்பவர்மீதுள்ள நம்பிக்கை அல்லது மிரட்சி ஆகிய யாவும் அந்த விரலில் குடிகொண்டிருக்கின்றன. பலரைச் சேர்த்து ஆராயும்போது இவ்வேறுபாடுகள் ஓரளவு சமனாகும். தனியொருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது ஆகா.

வலியை வெப்பத்தால் அளக்கும் ஆசை பழையது. 1940களில் நியூயார்க்கில் ஹார்டி, உல்ஃப், குடெல் என்னும் மூவர், கருமை பூசிய நெற்றியில் ஒளியைக் குவித்துச் சுட்டு, 'டோல்' என்று வலிக்கு ஓர் அலகையே படைத்தனர். அந்த அலகு நிலைக்கவில்லை. ஹென்றி பீச்சர் என்னும் மருத்துவர் இரண்டாம் உலகப்போரில் படுகாயமுற்ற வீரர்களைக் கவனித்து 1946இல் எழுதினார்: அவர்களுள் நான்கில் மூவர் வலிநீக்க மருந்து வேண்டாமென்றனர். உயிர் பிழைத்து ஊர் திரும்புகிறோம் என்ற எண்ணம் காயத்தின் பொருளையே மாற்றிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் ஊட்டும் வலி வேறு, வாழ்க்கையில் வந்து விழும் வலி வேறு என்பதைப் பீச்சர் பின்னரும் வற்புறுத்திவந்தார்.

தீப்புண்ணில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையடைகிறது. ஆழமாக வெந்த தோலில் நரம்பு முனைகளே அழிந்துபோகின்றன. ஆறிய தழும்பின்மீது தகட்டை வைத்தால் சூடு தெரியாமற் போகலாம், எண் உயரும். 'உணர்வே குறைவு, இவருக்கு ஏது வலி?' என்று அதைப் படிப்பவர் முடிவு கட்டலாம். ஆனால் அறுந்த நரம்பு வாளாவிருப்பதில்லை. தொட்டால் மதமதக்கும் அதே தழும்பு இரவெல்லாம் காந்தும், நமநமவென்று அரிக்கும், திடீரெனச் சுருக்கென்று தெறிக்கும். மரத்துப்போதலும் வலியும் ஒரே இடத்தில் குடியிருக்க முடியும். வெளியிலிருந்து வரும் சூட்டுக்கு வாசல் எங்கே திறக்கிறது என்பதைத்தான் கருவி சொல்கிறது. வீட்டுக்குள் எரியும் நெருப்பைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இதில் பணயமாக இருப்பது ஏட்டறிவு மட்டுமன்று. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் உறுப்புகளுக்கு அட்டவணை வகுத்தது. கட்டைவிரல் போனால் வருவாய்த்திறனில் 30 விழுக்காடு இழப்பு என்று அதில் இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அம்முறையையே தொடர்கிறது. போன விரலுக்கு அங்கே இடமுண்டு. போகாமல் எரியும் விரலுக்கு இல்லை. அட்டவணையில் அடங்காத காயத்துக்கு மருத்துவரின் மதிப்பீடே கதி. அந்த மதிப்பீட்டை எண்ணாகத் தரும் கருவி ஒன்று கிடைக்குமானால் எல்லாத் தரப்புக்கும் அது வசதியாகவே தோன்றும். அந்த வசதியைத்தான் அஞ்ச வேண்டும் என்கிறோம்.

இழப்பீட்டுக்காக வலியை மிகைப்படுத்துவோரும் இருப்பார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பொத்தானை அழுத்துவதும் ஒரு வாக்குமூலமே. நாவால் பொய் சொல்லக்கூடியவர் விரலாலும் சொல்லக்கூடும். அமெரிக்க நரம்பியல் கழகம் 2003ஆம் ஆண்டு அறிக்கையில், நோயைத் தீர்மானிக்க இச்சோதனை மட்டுமே அடிப்படையாகக் கூடாது என்றும், சட்ட வழக்குகளைத் தீர்க்க இது பயன்படாது என்றும் தெளிவாகக் கூறியது. பொய்யும் பிற காரணங்களும் முடிவை மாற்றக்கூடும் என்பதே அது சொன்ன காரணம். வாய்மொழியைவிட எண் நேர்மையானது என்பது நம் மயக்கம். எண்ணுக்குள்ளும் ஒரு மனிதரின் சொல்தான் ஒளிந்திருக்கிறது.

அவ்வாறாயின் சொல்லையே ஏன் செம்மையாகக் கேட்கக் கூடாது? 1975இல் ரொனால்ட் மெல்சாக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 78 ஆங்கிலச் சொற்களை 20 குழுக்களாகப் பகுத்து ஒரு வலி வினாநிரல் அமைத்தார். நோயாளிகள் வாயில் வழங்கும் சொற்கள் அறிவியலின் கருவியாயின. நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? நோவு, கடுப்பு, குத்தல், குடைச்சல், உளைச்சல், பிடுங்கல், காந்தல், எரிச்சல், இசிவு, மதமதப்பு, விண்விண்ணென்று தெறித்தல் என நீளும் வரிசையில் ஒவ்வொன்றும் வெவ்வேறு உணர்வைக் குறிக்கிறது. காதற்றுயரையும் உடற்பிணியையும் 'நோய்' என ஒரே சொல்லால் சுட்டிய சங்கப் புலவர்கள், நோவு உடலோடு நின்றுவிடுவதில்லை என்பதை உணர்ந்தேயிருந்தனர்.

தமிழ்த்துறைகளுக்கு இங்கே ஒரு வேலை காத்திருக்கிறது. மருந்து செலுத்தும் அறையில் வேலை செய்து தீப்புண் பட்டு மீண்டவர்கள், தங்கள் வலியை எந்தெந்தச் சொற்களால், எந்தப் பொழுதில், எதனோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள் என்பதைக் கேட்டுத் தொகுக்கலாம். நாட்டார் பாடல்களைத் தொகுக்க ஊர் ஊராய் அலைந்த துறைகளுக்கு இது இயலாததன்று. மருத்துவர்களோடு அமர்ந்து அச்சொற்களை வகைப்படுத்தினால், கருவி தரும் எண்ணுக்கு அருகே வைக்கத்தக்க ஓர் ஏடு கிடைக்கும். நரம்பின் நிலையை எண் சொல்லட்டும். வலியின் நிலையை அதைச் சுமப்பவர் சொல்லட்டும். இரண்டும் முரண்படும்போது சுமப்பவரை மீண்டும் ஒருமுறை கேட்பதே முறை.